அம்மாவின் லாரியும் கரி கட்டிய பிளக்குகளும்

பெட்ரோலின் காரமும் மல்லிகை மொட்டின் பச்சை வாசமும் ஒன்றாகக் கலந்த ஒரு வாடை உண்டு. அது பூக்கடையிலும் கிடைக்காது, பெட்ரோல் பங்கிலும் கிடைக்காது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாவதுக்குக் காத்திருந்த அந்தக் கோடை விடுமுறை முழுவதும், மத்தியானம் அம்மா வீட்டுக்குள் நுழையும்போது அவள் முந்தானையிலிருந்து வந்தது அந்த வாடைதான். நகக்கண்களில் கரி ஏறியிருக்கும். கொண்டையில் யாரோ ஒரு பூக்காரி அன்பாகச் செருகிவிட்ட சரம் வாடித் தொங்கும். வந்ததும் வராததுமாக ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் பெட்ரோலை ஊற்றி, கையோடு கொண்டுவந்த பிளக்குகளை அதற்குள் போட்டுவிட்டுத்தான் முகம் கழுவப் போவாள். சோறெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வில்லாபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது எங்கள் வாடகை வீடு. எதிரே யாருக்கோ சொந்தமான காலி மனையில் எங்கள் லாரி நிற்கும். லாரி என்றதும் நாற்கரச் சாலையில் போகிற பெரிய வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். ராணுவத்தில் ஓடி முடித்து, கழித்துவிடப்பட்டு, ஏலத்துக்கு வந்த பெட்ரோலில் ஓடுகிற ஒரு டன் லாரி அது. பச்சைப் பெயிண்ட்டின் மேல் அப்பா நீலம் அடித்திருந்தார். ஆங்காங்கே நீலம் உரிந்து பழைய பச்சை எட்டிப் பார்க்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்த இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் இன்ஜின் மாட்டச் சொன்னார்கள். டீசல் இன்ஜினுக்குப் பிளக் கிடையாது, ஆகவே பிளக் தொல்லையும் கிடையாது என்பது அவர்கள் வாதம். அப்பா கேட்கவில்லை. அந்த இன்ஜினின் சத்தம் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. "தையல் மிஷின் மாதிரி ஓடுது, இத எதுக்குக் கழட்டணும்" என்பார்.

அப்பா பெயர் கருப்பையா. செங்கல், வைக்கோல், மாட்டுத் தீவனம் என்று கிடைக்கிற வாடகைக்கெல்லாம் போவார். செங்கல் காளவாசலுக்குள் போய்வந்தால் புழுதி இன்ஜினுக்குள் ஏறிவிடுகிறது என்று, காற்று இழுக்கிற குழாயை அவரே நீட்டி, டிரைவர் கேபினுக்குப் பின்னால், பாரம் ஏற்றுகிற தட்டின் முன்பக்கச் சட்டத்தில் உயரமாகக் கட்டி வைத்திருந்தார். அந்த வேலையில் அவருக்குப் பெருமை உண்டு.

ஆறு சிலிண்டர், ஆறு பிளக். பிளக் என்பது பெருவிரல் நீளத்தில், வெள்ளைப் பீங்கானும் இரும்புமாக இருக்கிற ஒரு சின்னச் சாமான். அதன் நுனியில் குதிக்கிற பொறிதான் பெட்ரோலைப் பற்றவைத்து வண்டியை ஓட்டுகிறது. அதில் ஒன்று பொறி விடாமல் போனாலும் வண்டி நொண்ட ஆரம்பிக்கும். எங்கள் தெருப் பேச்சில் "மிஸ்ஸடிக்குது" என்பார்கள். இரண்டு மூன்று செத்துவிட்டால் வண்டி அப்படியே நின்றுவிடும். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பிளக்குகளைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து நுனியைப் பார்ப்பார். காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் அவருக்குச் சந்தோஷம். வெளுத்திருந்தால் சூடு அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இன்ஜின் தேய்ந்துபோயிருக்கிறது, கறுப்பாகக் கரி அப்பியிருந்தால் பெட்ரோலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. "பிளக்கோட நாக்கப் பாத்தா வண்டியோட வயிறு தெரியும்" என்று அவர் சொல்வது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்கு முந்தைய தீபாவளி கழிந்த சமயம், வைக்கோல் பாரத்தின் மேல் நின்று கயிற்றை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து அப்பா கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துபோனது. ஆபரேஷன் முடிந்து, கம்பு ஊன்றி நடக்கலாம், ஆனால் இடது காலால் இனி கிளட்சை மிதிக்க முடியாது, லாரி ஓட்ட முடியாது என்று டாக்டர் சொன்னபோது அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். லாரி காலி மனையில் நின்றது. அதற்கு அடியில் தெருநாய் குட்டி போட்டது.

லாரியை விற்றுவிடலாம் என்று பேச்சு எழுந்தபோதுதான் அம்மா, தான் ஓட்டப் போவதாகச் சொன்னாள். அம்மா பெயர் பஞ்சவர்ணம். வண்டி ஸ்டார்ட் ஆகாத நாட்களில் அப்பா முன்னால் நின்று கம்பி போட்டு இன்ஜினைச் சுற்ற, உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிப்பவள் அவள்தான். மனையிலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருவில் திருப்பி நிறுத்தவும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் அப்பா முதலில் சிரித்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் கோபப்பட்டார். அம்மா சண்டை போடவில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, சேலைக்கு மேலே அப்பாவின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவனியாபுரம் பக்கம் ஆளில்லாத ரோட்டில் ஓட்டிப் பழகினாள். பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் லாரி மறுபடி ஓடத் தொடங்கியது.

எதை ஏற்றுவது என்பதிலும் அவள் தனக்கென்று ஒரு வழி கண்டாள். அவள் பிறந்த ஊர் வலையங்குளம் பக்கம். ஒரு தலைமுறைக்கு முன்பு அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன சனம் அது. எப்படியோ பாடுபட்டு ஆளுக்குக் கொஞ்சம் நிலம் வாங்கி மல்லிகை போட்டிருந்தார்கள். கருக்கலில் மொட்டுப் பறித்து, மூட்டை கட்டி, டவுன் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் வசவு வாங்கி, மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வந்து சேர்வதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். அம்மா ஊருக்குள் போய், எல்லார் பூவையும் சேர்த்துத் தான் ஏற்றிப் போவதாகச் சொன்னாள். அவர்களில் மூத்தவள் வெள்ளையம்மா, அம்மாவுக்கு அக்கா முறை. அவள் சரியென்றதும் மற்றவர்களும் சரியென்றார்கள்.

மல்லிகை பொல்லாத சரக்கு. மொட்டாக இருக்கிற வரைதான் அதற்கு மதிப்பு. வெளியூருக்கு அனுப்புகிற வியாபாரிகள் காலையிலேயே வாங்கிக் கட்டி முடித்துவிடுவார்கள். அதற்குள் போய்ச் சேராவிட்டால் கேட்க ஆளிருக்காது. வண்டிக்குள் வெக்கை தங்கினால் மொட்டு நெகிழ்ந்து வாய் திறந்துவிடும். பங்குனி வெயில் ஆரம்பித்ததும் அம்மா ஒரு காரியம் செய்தாள். கோணிச் சாக்குகளைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, தட்டைச் சுற்றி நான்கு பக்கமும் திரை மாதிரி தொங்கவிட்டாள். வண்டி ஓட ஓட ஈரத்தின் மேல் காற்றுப் பட்டு உள்ளே குளுகுளுவென்று இருக்கும். மூட்டைக்குள் கை விட்டுப் பார்த்த வியாபாரிகள், இப்போதுதான் பறித்த மாதிரி இருக்கிறது என்றார்கள். கேபினுக்குப் பின்னால்தான் இன்ஜின் சூடு அடிக்கும் என்பதால் அந்தப் பக்கம் மட்டும் இரட்டைச் சாக்கு போடுவாள்.

சித்திரை பிறந்ததும் வண்டி மிஸ்ஸடிக்க ஆரம்பித்தது.

முதலில் மேட்டில் ஏறும்போது மட்டும் இழுத்து இழுத்து விட்டது. பிறகு சமமான ரோட்டிலும் இருமியது. பின்னால் கறும்புகை கிளம்பியது. கழற்றிப் பார்த்தால் பிளக்கெல்லாம் அடுப்புச் சட்டியின் அடிப்பக்கம் போலக் கரி. துடைத்துப் போட்டால் ஒரு நாள் ஓடும், மறுநாள் மறுபடி நிற்கும். வில்லாபுரத்தில் தாமோதரன் என்ற மெக்கானிக் இருந்தார். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறியை விட்டுவிட்டு ஸ்பானரைப் பிடித்தவர். கடைக்குள் சம்சாரத்தோடு சௌராஷ்டிர பாஷையில் பேசிக்கொண்டே வேலை பார்ப்பார். அம்மாவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் ஏர் பில்டரைத் திறந்து பார்த்தார், சுத்தமாக இருந்தது. கார்புரேட்டரை அக்கக்காகப் பிரித்துக் கழுவினார். பிளக் ஒயர்களை மாற்றினார். நுனியின் இடைவெளியை அளந்து வைத்தார். கடை வாசலில் நிறுத்தி ஓட விட்டால் வண்டி தையல் மிஷினாக ஓடியது. மறுநாள் பூ ஏற்றிக்கொண்டு கிளம்பினால் ரிங் ரோட்டில் நின்றது.

கடைசியில் ஒருநாள் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார், வண்டியில் குறை தெரியவில்லை, ஒருவேளை ஓட்டுகிற முறையில் ஏதாவது இருக்கலாம் என்று. பயந்து பயந்து குறைந்த வேகத்தில் ஓட்டினாலும் ஸ்டார்ட் பண்ணக் காற்றைக் குறைக்கிற சோக்கைத் திரும்ப உள்ளே தள்ள மறந்துவிட்டாலும் பிளக் கரி கட்டும் என்பது உண்மைதான். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தைக்காகவே காத்திருந்த மாதிரி அது எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பா கட்டிலில் படுத்தபடியே, தன் கையில் இருந்தவரை இந்த வண்டி ஒரு நாள்கூட நடுவழியில் நின்றதில்லை என்று சொல்லத் தொடங்கினார். அது பொய்யில்லை. அதனாலேயே அது அம்மாவைக் கூடுதலாகக் குத்தியது. டீக்கடையில் நின்ற ஆண்கள், அம்மா வண்டியைப் பார்த்துவிட்டு, "பொம்பள ஓட்டுனா பிளக்குத் தாங்குமா" என்று சிரித்தார்கள். அம்மா ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தான் எங்கே தப்புச் செய்கிறோம் என்று மனதுக்குள் கியர் மாற்றிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கே தெரியும். அவள் இடது கை சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் மெல்ல அசையும்.

வைகாசியில் ஒரு பெரிய முகூர்த்தம் வந்தது. அந்த மாதத்தில் மல்லிகைக்கு அதைவிடப் பெரிய நாள் இல்லை. ஊரில் எல்லாரும் குடும்பத்தோடு இறங்கிப் பறித்தார்கள். அன்றைக்கு அப்பா தானும் வருவதாகச் சொன்னார். அவள் எப்படி ஓட்டுகிறாள் என்று பக்கத்தில் இருந்து பார்த்து, தவறைக் கண்டுபிடித்துவிடுவது என்பது அவர் எண்ணம். அம்மா அவரைத் தாங்கி ஏற்றிவிட்டாள். நடுவில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

பூ ஏற்றி முடித்து, சாக்கு கட்டி, அருப்புக்கோட்டை ரோட்டில் ஏறினோம். அப்பா கண்ணை எடுக்காமல் அவள் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சோக்கு தள்ளியிருந்தது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. மாட்டு வண்டிக்கு ஒதுங்கியது, பஸ்ஸை முந்த விட்டது, எதிலும் அவரால் குறை சொல்ல முடியவில்லை. ரிங் ரோட்டில் திரும்பியதும் வண்டி இருமியது. அப்பா காதைக் கூர்மையாக்கினார். விரகனூர் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு தடவை பலமாகக் குலுங்கி நின்றுவிட்டது.

அம்மா இறங்கி பானட்டைத் திறந்தாள். கொதிக்கிற இன்ஜினிலிருந்து பிளக்கைக் கழற்றினால் மரை போய்விடும் என்பதால் ஆறவிட வேண்டும். அந்த நேரமெல்லாம் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் பிடித்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் படியில் உட்கார்ந்து, மடியில் வைத்து, கம்பி பிரஷ்ஷால் கரியைத் தேய்த்து, பெட்ரோலில் கழுவி, ஊதிக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்தார். பானட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, நிமிடத்துக்கு ஒரு தரம் அம்மா தட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மறுபடி கிளம்பினோம். பாலத்தைத் தாண்டி மறுபடி நின்றது. மறுபடி கழற்றினோம்.

மாட்டுத்தாவணிக்குப் போய்ச் சேர்ந்தபோது சந்தை கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வெளியூர்க் கட்டுகள் போய்விட்டன. அம்மா மூட்டையைப் பிரித்தாள். பாதி மொட்டு இதழ் விரித்துவிட்டது. வாசனை மட்டும் அந்த இடத்தையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. சென்ட்டுக்கு எடுப்பவர் ஒருவர் வந்து, பார்த்து, அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போனார். முகூர்த்த நாளில் சென்ட்டுக்குப் போன பூவென்றால் பறித்தவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அம்மா நேராக வீட்டுக்குப் போகவில்லை. திரும்பி ஊருக்கே ஓட்டினாள். வெறும் வண்டி, சாக்குகளை அவிழ்த்துச் சுருட்டி ஓரத்தில் போட்டிருந்தாள். போகும்போது ஒரு தடவைகூட இருமவில்லை. அதை அப்போது நாங்கள் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. தினமும் பூ ஏற்றுகிற பால் சொசைட்டி வாசலில் காத்திருந்தவர்களிடம் நடந்ததைத் தானே சொன்னாள். பிறகு வெள்ளையம்மா கேபினுக்குள் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து, "ஏன் மாப்ள, வண்டிக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டாள்.

அப்பா ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "வண்டிக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. பொம்பள ஓட்டுனா இப்பிடித்தான்."

அன்று காலை முழுவதும் அவள் எப்படி ஓட்டினாள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

மறுநாளிலிருந்து பெரும்பாலோர் வேறு வேனுக்குப் பூவைக் கொடுத்தார்கள். வெள்ளையம்மாவும்தான். அம்மா யாரையும் குறை சொல்லவில்லை. அவர்கள் வயிற்றுப்பாடு அது என்றாள். அப்பாவிடம் தேவைக்கு மேல் பேசுவதை நிறுத்திவிட்டாள். கத்தரிக்காய், ஓடு, சிமென்ட் என்று கிடைத்ததை ஏற்றினாள். விசித்திரம் என்னவென்றால், பூவைப்போல நாலு மடங்கு கனம் ஏற்றியும் வண்டி நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா பிளக்குகளைக் கழற்றினார். நுனியெல்லாம் காப்பிப் பொடி நிறம்.

அவர் அந்தப் பிளக்குகளை வரிசையாகத் தரையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதே வண்டி, அதே ஆள், அதே ரோடு. கடைசியில் அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"பூ ஏத்துறப்ப மட்டும் வேற என்ன பண்ணுவ நீ?"

அம்மா கையிலிருந்த முறத்தை இறக்கி வைத்துவிட்டு, "வந்து பாருங்க" என்று சொல்லி மனைக்கு நடந்தாள்.

அவள் கிணற்றடியில் சாக்குகளை முக்கிக் கொண்டுவந்து, வழக்கம்போல நான்கு பக்கமும் தொங்கவிட்டு, கேபினுக்குப் பின்னால் இரட்டையாகக் கட்டினாள். அப்பா கம்பை ஊன்றிக் கேபினுக்குப் பின்னால், பக்கவாட்டில் வந்து நின்றார். முகூர்த்தத்தன்று ஊரில் சாக்கு கட்டியபோதும், ரோட்டில் பிளக் துடைத்தபோதும் அவர் கேபினிலும் படியிலும் இருந்தாரே தவிர, பின்னால் வந்து நின்று பார்த்ததில்லை. அம்மா ஏறி இன்ஜினை ஓட்டினாள். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. அப்பா சைகை காட்ட, ஆக்சிலேட்டரை மிதித்தாள். அப்போதுதான் நான் பார்த்தேன். கேபினுக்குப் பின்னால் சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்த ஈரச் சாக்கு, ஓரிடத்தில் மட்டும் உள்வாங்கிக் குழிந்தது. யாரோ உள்ளே இருந்து வாயால் உறிஞ்சுவது போல இருந்தது. இன்ஜின் இரும ஆரம்பித்தது. பின்னால் புகை கறுத்தது.

அப்பா எட்டி அந்தச் சாக்கைத் தன் கம்பால் தூக்கினார். இருமல் நின்றது. விட்டார். மறுபடி இருமியது. மறுபடி தூக்கினார்.

அம்மா இறங்கி வந்தாள். சாக்குக்கு அடியில், செங்கல் புழுதிக்குப் பயந்து அப்பா கட்டிவைத்த காற்றுக் குழாயின் வாய் இருந்தது. இன்ஜின் நின்றிருக்கும்போது சாக்கு சும்மா தொங்கும். ஓட ஓட, ஈரச் சாக்கு குழாய் வாயில் ஒட்டி அதை அடைத்துவிடும். காற்று குறைய, பெட்ரோல் அரைகுறையாக எரிந்து பிளக்கில் கரியாகப் படிந்திருக்கிறது. தாமோதரன் கடைக்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு யார் போவார்கள்? வெறும் வண்டியில் அவர் தேடிய குறை கிடைக்காமல் போனதில் வியப்பில்லை. பின்னாளில் விஷயம் தெரிந்தபோது அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆனால் அன்று மனையில் யாரும் சிரிக்கவில்லை. அப்பா குழாயைத் தடவிக்கொண்டே, "இத நாந்தான வச்சேன்" என்றார்.

"சாக்கு நாந்தான கட்டுனேன்" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் பேசினார்கள். அம்மா சாக்குகளை அவிழ்த்து உதறி மடித்தாள். அப்பா அங்கேயே நின்றார். வெயில் இறங்கிய பிறகும் உள்ளே வரவில்லை.

மறுநாள் விடியும் முன்பே அப்பா எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு, தன்னை ஊருக்குக் கூட்டிப்போகச் சொன்னார். நானும் ஏறிக்கொண்டேன். பால் சொசைட்டி வாசலில் பூ மூட்டைகள் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. வேன் இன்னும் வரவில்லை. அப்பா கேபினிலிருந்து இறங்குவதற்கு அம்மா கை கொடுக்கப் போனாள். வேண்டாமென்று சொல்லித் தானே இறங்கினார். அது கஷ்டமான இறக்கம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பை ஊன்றி நின்று மூச்சு வாங்கிவிட்டுப் பேசினார்.

"வண்டி நின்னது நான் வச்ச குழாயில சாக்கு ஒட்டுனதால. அது யாருக்கும் தெரியாது, சரி. ஆனா இவ ஓட்டுறதுல ஒரு கொற இல்லன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். பக்கத்துல இருந்து பாத்தவன் நானு. தெரிஞ்சும் உங்க முன்னாடி இவளச் சொன்னேன். அது தப்பு."

அம்மா லாரியின் கதவைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. வெள்ளையம்மா தன் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள்.

"அத அன்னிக்கே சொல்லியிருந்தா இம்புட்டு நாளு அந்த வேன்காரன்ட்ட பேச்சு வாங்கியிருக்க மாட்டோம்ல, மாப்ள" என்றாள். குரலில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கேபினின் பின்பக்கம் போய், சட்டத்தையும் குழாயையும் தன் கண்ணாலேயே பார்த்து, கையை வைத்துத் தடவி, எந்த இடத்தில் ஒட்டியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகுதான் மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தாள். அன்று ஏற்றியது அவள் மட்டும்தான். குழாய் இருந்த பக்கம் மட்டும் சாக்கு கட்டாமல் விட்டதில், வண்டி நிற்காமல் சந்தைக்குப் போனது. அடுத்த வாரத்துக்குள் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் வேனோடேயே இருந்துவிட்டார்கள்; அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அதன் பிறகு வண்டியின் வயிற்றைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலையாயிற்று. குழாய் வாயைச் சுற்றிக் கூண்டு மாதிரி கம்பி வலை கட்டினார், சாக்கு ஒரு சாண் தள்ளியே நிற்கும்படி. ஞாயிற்றுக்கிழமையோடு நிற்காமல் வாரத்தில் இன்னொரு நாளும் பிளக்குகளைக் கழற்றினார். கரி இருக்கிறதோ இல்லையோ, துடைப்பார். பீங்கானில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தட்டிப் பார்ப்பார். நுனியின் இடைவெளியை அளந்து வைப்பார். முதலில் கையால் திருகி, மரையில் சரியாக உட்கார்ந்த பிறகே ஸ்பானரைத் தொடுவார். முடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவள் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பாள். அவர்களுக்குள் பழைய பேச்சு திரும்பி வந்தது அந்தப் பிளக்குகள் வழியாகத்தான் என்று நினைக்கிறேன். முதலில் கரியைப் பற்றி, பிறகு ரோட்டைப் பற்றி, பிறகு என் படிப்பைப் பற்றி, பிறகு எல்லாவற்றையும் பற்றி.

அந்த லாரி இன்னும் சில வருடங்கள் பூ ஏற்றியது. பிறகு உதிரி பாகம் கிடைக்காமல் காயலான் கடைக்குப் போனது. இப்போது அந்தப் பக்கத்து ஊர்களில் மல்லிகை போட்ட நிலம் நிறைய மனைகளாகிவிட்டது; இன்னும் பூ போடுகிறவர்கள் போன் பண்ணினால் மூன்று சக்கர பேட்டரி வண்டி வாசலுக்கே வந்து நிற்கிறது. அதற்குப் பிளக்கும் இல்லை, புகையும் இல்லை. பெட்ரோல் கார்களில் பிளக் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் என் காரின் பிளக் எந்த நிறத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சர்வீஸ் சென்டரில் எப்போதாவது மாற்றிவிட்டு பில்லில் ஒரு வரி சேர்க்கிறார்கள். இன்ஜினுக்குக் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரியுமாம். இன்னொன்றும் மறைந்துவிட்டது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு பெண் லாரியோ காரோ ஓட்டிப் போனால், பைக்கை ஓரங்கட்டி நின்று பார்க்கிற ஆட்கள் இப்போது ரிங் ரோட்டில் இல்லை.

அப்பா போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அம்மா என்னோடு திருப்பரங்குன்றத்தில் இருக்கிறாள். போன மாதம் புதுக் கார் எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ரோடு காலியாக இருந்தபோது, கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். இருக்கையை முன்னால் தள்ளி, கண்ணாடியைத் திருப்பிப் பார்த்து, குனிந்து காலடியில் தேடினாள். இது தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி, இதில் கிளட்ச் கிடையாது, இடது காலைச் சும்மா வைத்துக்கொண்டால் போதும் என்றேன்.

அம்மா நிமிர்ந்தாள். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி முன்னால் பார்த்தாள்.

"எடது காலே வேணாமா?" என்றாள். "அப்ப இதுன்னா உங்க அப்பா ஓட்டியிருப்பாரே."

பிறகு பிரேக்கிலிருந்து மெல்லக் காலை எடுத்தாள்.